அண்ணி சொன்ன ஆறு

நான் வரைந்த ஆறு மிக அழகானது. தோட்டத்து ஆள்கணக்குச் செக்ரோல் தாளின் பின்பக்கம், நீல மையில், வளைவுக்கு வளைவு நிழலடித்து வரைந்தது. இன்றும் தாப்பாவிலிருந்து மலையேறும் பஸ்ஸில் இருந்து அந்த ஆற்றைப் பார்த்தால் இடது கன்னம் தானாகக் கூசுகிறது.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் நான் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தப்பியோடியவர்கள் ஆற்றுக்கு மேலே காட்டில் ஒளிந்திருப்பதாக ஜப்பானிய அதிகாரிக்குச் சந்தேகம். ஆறு வரும் வழியை வரைந்து தரும்படி எனக்கு உத்தரவு வந்தது. பள்ளியில் பூகோளத்தில் நான்தான் முதல் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதன் பலன். உண்மையில் குளிக்கும் துறைக்கு மேலே நான் ஓரடி போனதில்லை. அட்டை என்றால் அவ்வளவு பயம்.

அண்ணிதான் வாரம் ஒருமுறை கீரை பறிக்க மேலே போவார். அண்ணன் ஈப்போவில் கடை வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தார். அவரிடமே கேட்டேன்.

"ரெண்டு ஓடை சேர்ற இடம் வரும் தம்பி. இடது கைப்பக்கம் சும்மா பாறைலா, கசிவுத் தண்ணி. வலதுதான் பெரிய ஆறு."

அப்படியே வரைந்தேன். நிச்சயமா என்று அதிகாரி கேட்டபோது, மலைச்சரிவு, மண்வாகு என்று பாடமே நடத்தி, தலையில் கைவைத்துச் சத்தியமும் செய்தேன்.

என் படத்தோடு மேலே போன அதிகாரியும் ஆட்களும் மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள், இடுப்புவரை சேறு, உடம்பெல்லாம் அட்டை. வலது ஓடை சதுப்பில் போய் முடிந்திருந்தது. அதிகாரி கையால் ஒரே அறை. உலகம் சுற்றுகிறது என்பதை அன்றுதான் நேரில் கண்டேன். நான் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததால் அறையோடு விட்டான்.

என் கன்னத்தில் எண்ணெய் தடவும்போது அண்ணி அழுதுவிட்டார். "உங்க அண்ணன் அந்த இடது பக்கத்துலதான் இருக்காரு தம்பி."

"என்கிட்டச் சொல்லக்கூடாதா அண்ணி?"

"சொல்லியிருந்தா உங்க மூஞ்சியே வழி காட்டியிருக்குமே."

மறுநாள் உப்புப் பொட்டலத்தோடு அவர் பின்னால் நடந்தேன். ஓடைகள் சேரும் இடத்தில் வலப்பக்கம் அகலமான கலங்கல் நீர். ஆறென்று யாரும் சத்தியம் செய்யலாம். இடப்பக்கம் வெறும் பாறைக் குவியல். குனிந்து காதை வைத்தேன், அடியில் ஒரே இரைச்சல். மூங்கில் புதரை விலக்கிப் பாறைமேல் ஏறினால், கால் மரத்துப்போகும் குளிரில், கண்ணாடி மாதிரி அகன்று கிடந்தது நிஜமான ஆறு. மலைத் தண்ணீர் முழுவதும் அங்கே வந்து, பாறைகளுக்கு அடியில் பதுங்கிப் போய்க்கொண்டிருந்தது.

அதற்கும் மேலே, மரவள்ளிக் கொல்லையில், எலும்பும் தோலுமாக அண்ணன். வீங்கிய என் கன்னத்தைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"எவன்டா உன்ன அடிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார், "நான்தான்."