காக்காய்க் குளியல்காரரின் முழுக்கு

ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த குழாய்க்காரருக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. சொன்னால் யார் நம்புவார்கள்? முப்பத்தைந்து வருஷமாக மாடித் தொட்டிகளுக்குள்ளும் சாக்கடை மூடிகளுக்கு அடியிலும் பாதி உடம்பை நுழைத்து வேலை பார்த்தவர். ஆனால் தண்ணீர் கழுத்துக்கு மேலே ஏறக் கூடாது. ஏறினால் போச்சு. ஏழு வயதில் ஒரு தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்த அந்த மத்தியானம் அப்படியே மூக்கில் ஏறிவிடும். அன்று முதல் அவருக்குக் காக்காய்க் குளியல்தான்: தோளுக்கு ஒரு சொம்பு, முதுகுக்கு ஒரு சொம்பு, முகத்துக்கு ஈரத்துணி. ஒரு நாள் ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்காயே, "இது குளியல்ல சேர்த்தியா?" என்று கேட்டுவிட்டுப் பறந்ததாகத் தெருவில் பேச்சு.

அவருடைய மனைவி தையல்காரி. அவள் சபையில் ஞானஸ்நானம் எடுத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆற்றிலிருந்து ஏறி வந்தவள், தலை சொட்டச் சொட்டக் கேட்டாள்: "நீங்க எப்போ?"

"ஆத்துத் தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருக்கே" என்றார். பிறகு சபையார் ஒரு நீச்சல் குளத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். "மருந்து வாடை வருது" என்றார். கடைசியில், "நம்ம சபைக்குன்னு சொந்தமா ஒரு தொட்டி வரட்டும், முதல் ஆளா இறங்குறேன்" என்று சொல்லிவைத்தார். நுணலும் தன் வாயால் கெடும். சபை தொட்டி கட்ட முடிவு செய்தது. வேலையை யாரிடம் கொடுப்பார்கள்? அவரிடமேதான்.

ஆறு வார வேலை பதினோரு மாதம் நடந்தது. சிமெண்ட் காயவில்லை, வால்வு சரியில்லை, அந்த அளவில் எல்போ என்ற வளைவுக் குழாய் கிடைக்கவில்லை. ஆனால் கை சுத்தமான வேலைக்காரனால் எத்தனை நாள் வேலையைக் கெடுக்க முடியும்? ஒரு நாள் தொட்டி முடிந்தே போயிற்று. ஏழு படி, இடுப்பளவு ஆழம், ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. போதாததற்கு, கூரையில் விழும் மழை தானாக ஓடிவந்து நிரம்ப ஒரு குழாய் வேறு. அதை யாருமே கேட்கவில்லை.

படியும் குழாயும் இரண்டு தெரு தள்ளியிருந்த யூதர்களின் ஜெப ஆலயத்தில் அவர் கற்றுக்கொண்டவை. அங்கே கீழ்த்தளத்தில் மிக்வே என்று ஒரு முழுக்குத் தொட்டி உண்டு. அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளைக் குழாய்க்காரர் 'குளத்தக்கா' என்பார். அங்கே வேலைக்குப் போன முதல் வருஷம், தொட்டியில் தண்ணீர் குறைவாக இருக்கிறதே என்று நல்ல மனசோடு இருபது வாளி சுமந்து ஊற்றி வைத்தார். குளத்தக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அடப்பாவி தம்பி! மனுஷன் சுமந்து ஊத்தின தண்ணி இதுக்கு ஆகாது. மழையோ ஊத்தோ, அதுவா வந்து சேரணும்!"

மொத்தத்தையும் இறைத்துவிட்டு, மழைக்காக ஏழு வாரம் வானத்தைப் பார்த்துக் கிடந்தார்கள். அப்புறம் வந்த பதினெட்டு வருஷமும் அவர் வாசலில் கால் வைத்தால் அவள் முதலில் கேட்பது, "வாளி எதுவும் கொண்டு வரலியே?" என்பதுதான். அவளிடமிருந்துதான் மற்றதையும் தெரிந்துகொண்டார். முங்குகிறவரின் தோலுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒன்றும் இருக்கக் கூடாது. நகை, கொண்டை ஊசி, காயக் கட்டு எல்லாம் கழற்றிவிட வேண்டும். கடைசி முடி உள்ளே போகும்வரை குளத்தக்கா குனிந்து பார்த்து, போனதும் "சரி!" என்று குரல் கொடுப்பாள். புதிதாக அந்த மார்க்கத்துக்கு வருகிறவர் முங்கி எழுந்தால், கர்ப்பத்திலிருந்து அன்று பிறந்த பிள்ளைக்குச் சமம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கு என்று நாள் குறித்தாயிற்று. திங்கட்கிழமை குழாய்க்காரர் தன் கையைப் பார்த்தார். முப்பத்தோரு வருஷத்துக் கல்யாண மோதிரம், சதைக்குள் புதைந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவர் முகம் மலர்ந்தது. நேரே போதகரிடம் ஓடினார்.

"ஐயா, இது கழல மாட்டேங்குது. இதோட இறங்கலாமா?"

போதகர் நிறையப் படித்தவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லத் தெரியாதவர். "நல்ல கேள்வி கேட்டீங்க! ஆதியில நம்ம ஆளுங்களும் முடியை அவுத்து, நகையெல்லாம் கழட்டிட்டுத்தான் இறங்குனாங்க. யூதர்கள்கிட்ட இருந்து வந்த வழக்கம். அவங்க திரும்பத் திரும்ப, தாங்களாவே முங்குவாங்க. யோவான் வந்து, மனசு திரும்புங்கன்னு சொல்லி ஆத்துல முழுக்குக் கொடுத்தாரு. நமக்கு அது ஒரே தடவை. கிறிஸ்துவோட அடக்கம் பண்ணப்பட்டு, அவரோட எழுந்திருக்கிறோம். மோதிரத்தையெல்லாம் இப்ப யாரும் பார்க்கிறதில்ல."

குழாய்க்காரர் காதில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் விழவில்லை. 'மிக்வேயில கர்ப்பம்ங்கிறாங்க, இங்க கல்லறைங்கிறாங்க. ரெண்டு இடத்துலயும் மூச்சு விட வழியில்ல' என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்தார்.

முயற்சி பண்ணியதாகக் காட்ட வேண்டாமா? சோப்பு, எண்ணெய், நூல் என்று மூன்று நாள் மோதிரத்தோடு மல்லுக்கட்டினார். அவருக்காக வெள்ளை அங்கி தைத்துக்கொண்டிருந்த மனைவி, புதன்கிழமை இயந்திரத்தை நிறுத்தினாள்.

"என்னங்க பண்றீங்க?"

"முழுக்குக்கு முன்னால இதைக் கழட்டணும்."

"ஓகோ. தண்ணியில தலை முழுகச் சொன்னா, என்னையே தலைமுழுகப் பார்க்கிறீங்களா?"

"அட, அது இல்லடி..."

"முப்பத்தோரு வருஷம் கழட்டாதது இந்த வாரம் மட்டும் உறுத்துதா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அங்கியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். மறுபடி இயந்திரம் ஓடவில்லை. மோதிரம் கழலாவிட்டால் முழுக்கு இல்லை. கழன்றால் இவள் முகத்தில் விழிக்க முடியாது. சாக்கு தேடிப்போய் இப்படியா மாட்டுவது!

வியாழக்கிழமை மிக்வேயில் ஒரு வால்வு மாற்றும் வேலை. குனிந்திருந்தவரின் விரலைக் குளத்தக்கா பார்த்தாள். நூல் இறுக்கிய தடம் சிவந்து கிடந்தது.

"விரலுக்கு என்ன தம்பி?"

சொன்னார். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்க குரு ரபியைக் கேட்டா சாயங்காலம் வரைக்கும் பேசுவாரு. நான் சுருக்கமா சொல்றேன். உடம்புல சின்னதா ஒண்ணு ஒட்டியிருக்கு. அது போகணும்னு நீ நினைச்சா, தடை. அது பாட்டுக்கு இருக்கட்டும், எனக்கு உறுத்தலன்னு இருந்தா, அது உடம்புக்குள்ள சேர்த்தி. இப்ப சொல்லு, இந்த மோதிரம் உனக்கு உறுத்துதா?"

"மோதிரமா? மூணு நாளைக்கு முன்னாடி வரைக்கும் அது இருக்கிறதே தெரியாதுக்கா."

"அப்ப வேற என்னமோ நடுவுல நிக்குது. பயம்தானே?"

குழாய்க்காரர் வால்வை இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். தேவையே இல்லாத சுற்று.

"முதல் தடவை நானும் கைப்பிடியை விடல" என்றாள் குளத்தக்கா. "கீழ போற வரைக்கும்தான் பயம். அப்புறம் தண்ணி உன்னைப் பிடிச்சுக்கும். போ, வீட்டுல போய்ச் சொல்லு. வாளியை இங்க விட்டுட்டுப் போயிடாத!"

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. விரலை மனைவிக்கு முன்னால் நீட்டினார்.

"இதைப் பாரு. இது இனிமே மோதிரம் இல்ல. விரல். கழட்டணும்னா விரலோடதான் கழட்டணும். பொய் சொன்னேன். எனக்குத் தண்ணின்னா பயம், அவ்வளவுதான்."

அவள் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தாள். "இதைச் சொல்ல இருபத்திரண்டு வருஷமா?" என்றாள். பிறகு அலமாரியைத் திறந்தாள். தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

ஞாயிறன்று ஏழு படியும் இறங்கினார். ஒவ்வொரு படியும் அவர் கட்டியதைவிட உயரமாகத் தெரிந்தது. மழைக்குழாய் மெல்லச் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி தொட்டி விளிம்பில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். போதகர் வார்த்தைகளைச் சொல்லி முதுகைத் தாங்கிச் சாய்த்தார். காது அடைத்தது. ஏழு வயது மத்தியானம் வந்து எட்டிப் பார்த்தது. ஆனால் இந்த முறை முதுகுக்குக் கீழே ஒரு கை இருந்தது.

எழுந்து, இருமி, முகத்தை வழித்து, முதலில் மனைவியைத்தான் பார்த்தார். "முழுசா போச்சா?"

அவளுக்குப் பொய் வராது. "உச்சியில ஒரு கொத்து முடி நனையலங்க."

"பரவாயில்ல, பரவாயில்ல, ஆயிடுச்சு" என்றார் போதகர்.

"இல்லங்கய்யா" என்றார் குழாய்க்காரர். "ஒழுக்கு இருக்கான்னு பார்க்காம வேலையை ஒப்படைக்கிற பழக்கம் எனக்கு இல்ல."

மூக்கைப் பிடித்துக்கொண்டார். யாரும் சாய்க்காமல், தாமாகவே உட்கார்ந்தார். கடைசி முடியும் உள்ளே போயிற்று. தையல்காரி குனிந்து பார்த்துவிட்டு, கூரை அதிர, "சரி!" என்றாள்.

வீட்டில் இப்போதும் அதே காக்காய்க் குளியல்தான். கேட்டால், "ஒரே தடவைதான்னு போதகரே சொல்லிட்டாரே" என்கிறார்.

"அவர் சொன்னது வேற முழுக்கு" என்று அவள் சொம்பை நீட்டுகிறாள்.