பெயர்நாளன்று பாடியவள்

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் டர்பினாவும் மகள் ஸெல்காவும் காரின் பனிக்கால டயர்களைக் கழற்றிவிட்டுக் கோடைக்கால டயர்களை மாட்டினார்கள். லிஃப்ட் பழுதுபார்ப்பது ஸெல்காவின் வேலை. ஸ்பேனர் அவள் கையில்தான் இருக்கும். டர்பினா போல்ட்டுகளை ஒரு கிண்ணத்தில் வாங்கிப் போட்டு, குலுக்கித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அதுல ஒண்ணு தொலைஞ்சாலும் சக்கரம் கழண்டுடும்."

"கழண்டா கழலட்டும்டீ. நடந்து போனா நாலு பேரைப் பார்க்கலாம்."

அந்த வாரம் வியாழக்கிழமை டர்பினாவின் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்து அவள் இறந்தாள். வயது நாற்பத்தாறு. டயர்கள் நன்றாக இருக்கின்றன.

டர்பினா என்று பெயர் வைத்த புண்ணியவான் அவள் அப்பா விஸ்வால்டிஸ். கேகும்ஸ் நீர்மின் நிலையத்தில் ஃபிட்டர். அவள் பிறந்த வருடம் அங்கே புதிய டர்பைன்கள் ஓடத் தொடங்கின. மனிதர் சந்தோஷத்தில் எது தன் குழந்தை, எது அரசாங்கத்தின் குழந்தை என்று குழம்பிவிட்டார். பிற்பாடு மகள் சண்டை பிடித்தபோதெல்லாம், "ஜெனரேட்டர்னு வைக்காம விட்டேனே, அதுக்கு நன்றி சொல்லு" என்பார்.

லாத்வியாவில் நாட்காட்டித் தாள் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்க்காரர் அன்று வீட்டில் காப்பியும் கேக்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். யாரையும் அழைக்கக்கூடாது, வந்தவரைத் திருப்பி அனுப்பவும் கூடாது. நாட்காட்டியில் இடம் கிடைக்காத பெயர்களையெல்லாம் மூட்டையாகக் கட்டி மே இருபத்திரண்டில் போட்டிருக்கிறார்கள். டர்பினாவின் பெயர்நாளும் அதுதான்.

அவள் வளர்ந்த ஓக்ரே ஊரில் பாடுவது என்றால் கூட்டமாக நின்று சேர்ந்திசை பாடுவது. பள்ளி நாளிலிருந்தே அவளும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். நடத்திய ஐனா டீச்சருக்கு அவள் குரல் ஆகவே ஆகாது.

"உன் தொண்டையில பாட்டு இல்லடீ, பெருமூச்சுதான் இருக்கு. உன்னால பக்கத்துல நிக்கிறவளும் கெட்டுப்போறா."

"அப்போ தனியா பாடிக்கிறேன், டீச்சர்."

"அதுக்குத்தான் காடு இருக்கே. போய்ப் பாடு."

காட்டுக்குப் போகாமல் குளியலறைக்குப் போனாள். பேக்கரி வேன் ஓட்டும் நண்பன் ஸிக்மண்ட்ஸிடம் ஒரு பேஸ் கிட்டாரும் பழைய ஒலிப்பதிவுக் கருவியும் இருந்தன. எதைச் சொன்னாலும் சரி என்பான். இசைக்குழுவில் அது பெரிய திறமை. காலுறையில் விழுந்த ஓட்டை பற்றி ஒரு பாட்டு, படுக்கையில் கருவாடு தின்னும் காதலன் பற்றி ஒரு பாட்டு என்று அவளே எழுதி மெட்டமைத்தாள். ரிகாவின் வானொலி நிலையங்களுக்கு அனுப்பினாள். பதில் இல்லை.

இருபத்திரண்டு வயதில் கலைமன்ற நிர்வாகியைப் பிடித்தாள். அவர் சொன்னார்: "ஒரு நாள் ஹாலைத் தர்றேன். நிறைஞ்சா மாசம் ஒரு நாள் உனக்கு. நிறையலேன்னா என் உயிரை எடுக்காதே."

"நிறையலேன்னா ஜூன்ல எங்க மின் நிலைய ஆபீஸ்ல வந்து உட்காரு, சொல்லி வெச்சிருக்கேன். பேருக்கேத்த இடம்" என்றார் விஸ்வால்டிஸ்.

அவள் மே இருபத்திரண்டைத் தேர்ந்தெடுத்தாள்.

"நோட்டீஸ் ஒட்டலாமா?" என்றான் ஸிக்மண்ட்ஸ்.

"பேர்நாளுக்கு எவனாவது நோட்டீஸ் ஒட்டுவானா? மானம் போயிடும். வரணும்னு நினைக்கிறவங்க தானா வரட்டும்."

"சரி."

டர்பினா தன் பெயர்நாளன்று பாடப்போகிறாள் என்று வாய்வழியே செய்தி பரவியது.

அன்று மாலை ஹாலில் காலி நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஊரின் மற்ற விநோதப் பெயர்க்காரர்கள் அவரவர் வீட்டில் கேக்கை வெட்டிவைத்து விருந்தாளிகளுக்காகக் காத்திருந்தார்கள். நிர்வாகி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தார்.

"ஜனங்க லேட்டாதான் வருவாங்க" என்றான் ஸிக்மண்ட்ஸ்.

"எந்த ஜனங்க?"

"பொதுவா சொன்னேன்."

அலுவலகத் தொலைபேசி அடித்தது. விஸ்வால்டிஸ்.

"எங்கடீ தொலைஞ்சே? வீடு முழுக்க ஆளு! கேக் தீர்ந்துபோச்சு, சோபாவுக்கு ஒரு கால் போச்சு, படிக்கட்டுல வேற உட்கார்ந்திருக்காங்க."

"ஐயோ அப்பா, அவங்க எல்லாம் ஹாலுக்கு வரவேண்டியவங்க!"

"பேர்நாளன்னைக்கு வீட்டுக்கு வராம ஹாலுக்கு எவன் போவான்? நீ எந்த ஊர்க்காரி?"

"இங்க அனுப்பி வைங்கப்பா. கெஞ்சிக் கேக்கிறேன்."

"சாப்பிட்டுட்டு இருக்கிற விருந்தாளியை எழுந்து போன்னு சொல்றதா? என் வாயால ஆகாது."

இருவரும் வேனில் பறந்தார்கள். வீடு இருந்த ஐந்தாவது மாடி வரை படிக்கட்டெல்லாம் கோட்டும் பூங்கொத்துமாக மனிதர்கள். நடுவில் ஐனா டீச்சர் பன்றிக்கொழுப்பு போட்ட பட்டாணித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டாளா டர்பைன்? கரன்ட் வருமா வராதா?"

வீட்டில் நிற்க மிச்சமிருந்த ஒரே இடம் குளியல் தொட்டி. டர்பினா அதில் ஏறி நின்று பாடினாள். ஸிக்மண்ட்ஸ் துணிதுவைக்கும் இயந்திரத்தின் மேல் பதிவுக்கருவியை ஓடவிட்டான். கீழ்வீட்டுக்காரர் கோபத்தில் வெந்நீர்க் குழாயைத் தட்டினார். அது தாளத்தில்தான் விழுந்தது. ஊரில் வாயை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்டுப் பழகியவர் யாருமில்லை. இரண்டாவது சரணத்துக்குள் கருவாட்டுக் காதலனை நான்கு குரல்களாகப் பிரித்து, ஏதோ தேசியகீதம் போல முழங்கத் தொடங்கினார்கள். டர்பினாவின் குரல் அதில் காணாமல் போயிற்று.

அப்போது படிக்கட்டிலிருந்து ஒரு கத்தல்.

"மூடுங்கடா வாயை! அந்தப் பெருமூச்சு காதுல விழணும் எனக்கு."

ஐனா டீச்சர்தான். எல்லோரும் மூடினார்கள். மீதிப் பாட்டுகளை டர்பினா தனியாகப் பாடினாள்.

மறுநாள் நிர்வாகி, "நிறைஞ்சது உன் வீடும்மா, என் ஹால் இல்லையே" என்றார். அதில் தப்பும் இல்லை. ஜூன் மாதம் அவள் மின் நிலைய அலுவலகத்தில் உட்கார்ந்தாள். ஆனால் ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது: அவள் கூப்பிடுகிற இடத்துக்கு ஆட்கள் வருவது சந்தேகம், அவளாகப் பெயர்நாள் வீட்டுக்குப் போனால் ஒருவரும் துரத்த முடியாது. அதன் பிறகு நாட்காட்டிதான் அவளுடைய கச்சேரிப் பட்டியல். வேலை முடிந்ததும் கிட்டாரோடு முன்பின் தெரியாத கதவுகளைத் தட்டினாள்.

"யாரு நீங்க?"

"விருந்தாளி."

"உங்களை எனக்குத் தெரியாதே."

"இப்போ தெரிஞ்சுடும். கேக் எங்க?"

இப்படிக் கேட்கப்பட்ட ஒருவன்தான் பிற்பாடு ஸெல்காவின் அப்பா ஆனான். அதற்கும் பிற்பாடு ஸ்வீடனில் இன்னொருத்திக்குக் கணவன் ஆனான். குளியல் தொட்டிப் பதிவை ஒரு மாணவர் வானொலி ஒருமுறை ஒலிபரப்பியது. பின்னால் கேட்கும் தட்டுச் சத்தம் வேண்டுமென்றே வைத்ததா என்று அறிவிப்பாளர் கேட்டார். ஆமாம், அதற்கே ஒரு வாரம் ஆயிற்று என்று டர்பினா கூசாமல் புளுகினாள்.

ஸிக்மண்ட்ஸின் பெயர்நாள் மே மாதத் தொடக்கத்தில் வரும். வருடா வருடம் முதலில் மணியடிப்பவள் அவள்தான். பூவைத் தின்ன முடியாது என்று புகையில் வாட்டிய மீன் ஒன்றை வாங்கிக்கொண்டு போவாள். இந்த வருடமும் ஏப்ரல் தொடக்கத்திலேயே சந்தையில் மீன்காரியிடம் சொல்லியிருந்தாள், கொழுத்ததாக ஒன்று வேண்டும் என்று. பெயர்நாளன்று மீன்காரி அதைத் தாளில் சுற்றித் தனியாக எடுத்துவைத்தாள். ஸிக்மண்ட்ஸ் காப்பி போட்டுவைத்தான். வழக்கம் போல யாரையும் அழைக்கவில்லை. சந்தை மூடும்வரை மீனை வாங்க ஆள் வரவில்லை.