ஜன்னல் வழியே போன டீ

ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே நுழைகிறார் சோப்பு. ஜன்னலோர நாற்காலிக்கு நேராகப் போகிறார். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகம் துடைப்பதுபோல ஒரு பாவனை. அடுத்த நொடி அது நாற்காலியின் மேல் விரிந்துவிடும். அதன் மேல் முதுகு சாயாமல், முழங்கை எதிலும் படாமல், பல் பிடுங்க வந்தவர் மாதிரி உட்காருகிறார். நன்றாகச் சாய்ந்துகொள்ளேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் முதுகுவலி, டாக்டர் சாயக் கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்பார். அப்படி ஒரு டாக்டரே கிடையாது. பிஸ்கட் வேண்டாம் என்றதும், பழம் ஒத்துக்கொள்ளாது என்றதும், ராத்திரி தங்கக் கூடாது என்றதும் அதே டாக்டர்தான்.

யாருக்கும் சோப்புப் போட்டுக் காரியம் சாதிக்கத் தெரியாத மனிதருக்குச் சோப்பு என்ற பட்டப்பெயர் வந்தது, அவர் கை கழுவும் அழகைப் பார்த்துத்தான். விரல் விரலாக, நகம் நகமாக, முழங்கைவரை போவார். அவர் கழுவி முடிப்பதற்குள் பந்தியில் மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள்.

வேலையோ ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில். ஊரார் சளியும் மலமும் சிறுநீரும் நாள் முழுக்க அவர் மேஜைக்கு வந்தபடி இருக்கும். அவை அவருக்கு அருவருப்பே இல்லை. கண்ணாடித் துண்டில் ஏறி, நம்பர் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் எதையும் பார்ப்பார். நம்பர் இல்லாமல், மூடி இல்லாமல், ஒரு டீ கப்பின் விளிம்பில் காய்ந்து கிடப்பதைத்தான் அவரால் தாங்க முடியாது. அதில் என்னென்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததுதான் அவர் பிழைப்பைக் கெடுத்தது.

எப்படி என்றால், ஒவ்வொரு வீடாக அவருக்கு மூடிக்கொண்டது. சித்தப்பா மகன் வீட்டில், பரிமாறிய கரண்டியைச் சட்டை நுனியால் துடைத்ததை அந்த வீட்டுப் பெண் பார்த்துவிட்டாள். அதோடு சரி. கூட வேலை பார்த்தவர் ஒருவர், 'எங்க வீட்டு நாற்காலிக்கு என்ன நோயா?' என்று கேட்டுவிட்டு அப்புறம் கூப்பிடவே இல்லை. அவருடைய சொந்த வீட்டிலோ தரையில் முகம் பார்க்கலாம். வந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. மகள் வீட்டுக்கு ரெண்டு நாள் போய்வருவதாகக் கிளம்பிய மனைவி அங்கேயே இருந்துவிட்டார். போனில் பேசும்போது, இங்கே காலை நீட்டி உட்கார முடிகிறது என்கிறார். மிஞ்சியது இந்த ஒரு வீடு. 'வாடா' என்று அவரை அழைக்க உலகத்தில் மிஞ்சியவர் இந்த டிரைவர் ஒருவர்தான்.

டிரைவர் பஸ் ஓட்டியவர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மனைவி பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொள்கிறார். அவளுக்கு வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. முன்னறையில் கட்டில். ரப்பர் விரிப்பு. மூத்திரமும் தைலமும் கலந்து, அழுக்குத்துணி மூட்டையை அவிழ்த்ததுபோல ஒரு நெடி. மின்விசிறி இறக்கைகளில் கறுப்புப் பஞ்சு. தொட்டியில் நேற்றைய பாத்திரத்தின் மேல் இன்றைய பாத்திரம். டிரைவர் தோளில் ஒரு துண்டு கிடக்கும். அவள் கடைவாயைத் துடைப்பதும் அதுதான், தரையில் சிந்தியதைத் துடைப்பதும் அதுதான், விருந்தாளிக்கு டீ ஊற்றும் முன் கப்பைத் துடைப்பதும் அதுதான். ராத்திரியில் அவளைப் புரட்டிப் படுக்க வைக்க எழுந்து எழுந்து அவர் கண்ணே உள்ளே போய்விட்டது. சோப்புக்கு இதெல்லாம் புரிகிறது. புரிவது மனசுக்கு, குமட்டுவது தொண்டைக்கு. ஒருமுறை ஃபினாயில் பாட்டிலோடு போனார். 'என் பொண்டாட்டிய நான் நாற விட்டிருக்கேன்னு சொல்ல வர்றியா?' என்று கேட்டார் டிரைவர். பாட்டில் திரும்பி வந்தது. அதன் பிறகு பல வாரம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவள் நடமாடிய காலத்தில் சோப்புக்கென்று மேல்தட்டில் தனியாக ஒரு கப் வைத்திருந்தாள். கொதிக்கும் தண்ணீர் விட்டு அலசி, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவாள். "அண்ணே, டெஸ்ட் பண்ணிட்டேன். பாஸ்." இப்போது அந்தக் கப் எந்தக் குவியலில் கிடக்கிறதோ.

ஆகவே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் நடுவே ஆள் நுழைய முடியாத சந்து. டிரைவர் கப்பைக் கொடுத்துவிட்டுத் தன் கிளாஸை எடுக்கச் சமையலறைக்குப் போவார். கப்பைச் சந்துக்குள் கவிழ்க்க அந்த இடைவெளி போதும். திரும்பி வருவதற்குள் சோப்பு வாயைத் துடைத்துக்கொண்டிருப்பார். சூடாகவே குடித்துவிடுகிறானே என்று டிரைவருக்கு ஆச்சரியம்.

பார்த்தவள் அவள்தான். கட்டில் நேர் எதிரே. முதல் தடவை கண்ணும் கண்ணும் மோதியபோது சோப்பின் கை ஜன்னல் கம்பியிலேயே நின்றுவிட்டது. அவள் மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த வாரம் அவள் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், காவல் இருப்பதுபோல. இப்படியே வாரங்கள் ஓடின. படுத்த படுக்கையாகக் கிடப்பவளைக் களவுக்குக் கூட்டுச் சேர்த்தாயிற்றே என்று சோப்புக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வருவதை நிறுத்தவில்லை; நிறுத்தினால் போக வேறு இடமில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, டிரைவர் தன் கிளாஸை முன்பே நிரப்பி வைத்துவிட்டார் போலும். போன வேகத்தில் திரும்பினார். சோப்பின் கை கம்பிக்கு வெளியே கவிழ்ந்திருந்தது. அப்போது கட்டிலருகே ஸ்டூலில் இருந்த தண்ணீர் டம்ளரை அவள் இடது கையால் வீசித் தட்டினாள். டம்ளர் உருண்ட சத்தத்தில் டிரைவர் அவள் பக்கம் பாய்ந்தார். சோப்பு கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டவருக்கு, டிரைவர் எழுந்திருக்கவில்லை என்பது சற்றுக் கழித்துத்தான் உறைத்தது. நனைந்த விரிப்பைத் துண்டால் ஒற்றியபடி அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கையும் போகுதுடா," என்றார். "இதுவரைக்கும் ஒரு சொட்டு சிந்தினதில்ல. இந்த ஒத்தக் கைய வச்சுத்தான் பேசிக்கிறோம். வேணும்னா தூக்குவா, வேணாம்னா தள்ளுவா. இதுவும் போயிட்டா அவகிட்ட நான் எதக் கேக்குறது?"

அவள் தலையை ஆட்டினாள். அழுகிறாள் என்று நினைத்து அவர் அவள் முகத்தைத் துடைத்தார். துண்டுக்கு மேலாக அவள் சோப்பைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. முன்பு போலவே கண்ணை மூடிக்கொண்டாள். விட்டுவிடுங்கள் அண்ணே, இருக்கட்டும் என்று அதற்கு அர்த்தம்.

சோப்பு விடைபெற்று வாசலுக்கு வந்தார். ஒரு ஷூவை மாட்டினார். மறு ஷூவைக் கையில் எடுத்தவர், அதைக் கீழே போட்டுவிட்டு, ஒற்றை ஷூவோடு உள்ளே திரும்பி நடந்தார். டிரைவரின் முழங்கையைப் பிடித்து எழுப்பி ஜன்னலுக்கு இழுத்துப்போய்க் கீழே காட்டினார். ஜன்னலுக்கு அடியிலிருந்து தரைவரை சுவரில் பழுப்பாக ஒரு தாரை இறங்கியிருந்தது. அடியில் எறும்புகள்.

"மழைத்தண்ணியா?" என்றார் டிரைவர்.

"டீ. நீ எனக்குப் போட்ட டீ. என்னால குடிக்க முடியலடா. நீ பாத்துடக் கூடாதுன்னு அவ தட்டிவிட்டா. கைக்கு ஒண்ணும் ஆகல."

டிரைவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டிலுக்குப் போனார். "வேணும்னேவா தட்டின?" என்று கேட்டார். அவள் இடது கையைத் தூக்கினாள். அந்தக் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் திரும்பாமல் இருந்தார். சோப்பு தானாகவே கிளம்பிப்போனார்.

அடுத்த ஞாயிறு, போவதா வேண்டாமா என்று அவர் கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினார். போனார். கதவு திறந்திருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. நாற்காலி ஈரத்துணியால் துடைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்து ஸ்டூலில், கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் ஒன்று, மூடியின் சீல் பிரிக்காமல்.

"வாங்க," என்றார் டிரைவர். "உக்காருங்க."

கோபமில்லை, குத்தலில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த யாரோ ஒருவரிடம் பேசுகிற மரியாதை. அதைக் கேட்கத்தான் சோப்பால் முடியவில்லை. கைக்குட்டையை எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்தார். எதிரே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து டிரைவர் தன் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். விளிம்பில் பழைய டீயின் வளையம் காய்ந்த அதே கிளாஸ், தோளில் அதே துண்டு.

டிரைவர் கிளாஸைக் கீழே வைத்தபோது பாதி மிச்சமிருந்தது. சோப்பு எழுந்து போய் அதை எடுத்தார். துடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிக்கும் பிள்ளைபோல, அடிவரை குடித்தார். குடித்து முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டிரைவர் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டிரைவர் ஸ்டூலில் இருந்த பாட்டிலை எடுத்து, சீலைத் திருகி உடைத்து, மனைவியின் டம்ளரில் ஊற்றி நீட்டினார். அவள் இடது கையை நீட்டி, சிந்தாமல் வாங்கிக்கொண்டாள்.