கோழி மேல் விழுந்த பழி

குழந்தை டாக்டர் தொழிலில் பிள்ளையைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். கூட வரும் சொந்தபந்தத்தைச் சமாளிக்கத்தான் தனிப் படிப்பு வேண்டும். கைக்குழந்தை வளர்க்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

வெறும் சீட்டு

ஆரியசாலைக் கடைத்தெரு மொத்தக் கடைக்காரர் வீட்டு மருமகள் சுதா, எட்டு மாதப் பெண்குழந்தையோடு வந்தாள். பிள்ளையின் மார்பில் ஒரு பக்கம் சின்ன நெல்லிக்காய் அளவு வீக்கம். பின்னாலேயே மாமியார். நான் வாய் திறக்குமுன் தீர்ப்பு வந்துவிட்டது: "பாலு குடுக்கவ பிராய்லர் கோழிய வெட்டி முழுங்கினா, பின்னே என்னவாக்கும் வரும்?" சுதா தலையைத் தூக்கவில்லை.

பரிசோதித்தேன். எடை, உயரம் சரி. வேறு மாற்றம் எதுவும் இல்லை. "சில பெண்பிள்ளைகளுக்கு இப்படி வரும்மா. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானே வத்திடும். பெரிசானாலோ, அடித்துணியில ரத்தம் பட்டாலோ, பிள்ளை மடமடன்னு உயரமானாலோ உடனே வாங்க. இல்லேன்னா மூணு மாசத்துக்கொரு தடவை காட்டினாப் போதும். கோழியை விடுங்க, பாவம். யாரும் அமுக்க மட்டும் கூடாது" என்றேன். மாமியார் மருந்தே எழுதாத சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு களிம்புகூட எழுதத் தெரியாத டாக்டரா!"

பிழிந்த கை

இரண்டே வாரம். பேறுகாலத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டிய தங்கம்மாவைத் தேடிப் பிடித்து வரவழைத்திருக்கிறார்கள். பிறந்தபோதே பிள்ளையின் மார்பிலிருந்து 'கெட்ட பாலை'ப் பிழிந்து எடுக்காததால் வந்த வினையாம்! விளக்கெண்ணெய் தடவி மூன்று நாள் பிழிந்ததில் மார்பு சிவந்து, பிள்ளைக்கு அனலாய்க் காய்ச்சல்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆன்டிபயாடிக் ஊசி போட்டோம். நல்லவேளை, சீழ் பிடிக்கவில்லை. சுதா அழுதுகொண்டே நின்றாள். மாமியார் முகத்தில் மட்டும் ஒரு தெளிவு. "இப்பமாவது மருந்து எழுதத் தோணிச்சே!"

தானே வற்றியது

மூன்று மாதத்தில் வரச் சொல்லியிருந்தும், பிள்ளைக்கு ஒன்றரை வயதானபோதுதான் வந்தார்கள். வீக்கம் இருந்த சுவடே இல்லை. பெருமையில் பாதியை மாமியார் தங்கம்மாவுக்குக் கொடுத்தார். மீதியைப் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் உடைத்த தேங்காய்க்கு. எனக்கு ஒரு சில்லுகூட மிஞ்சவில்லை.

மாமியார் வெளியே போனதும் சுதா மட்டும் கதவருகே நின்றாள். பத்து மாதமாக வீட்டில் மற்றவர்கள் தட்டில் கோழி விழ, அவள் தட்டில் பழி மட்டும்தான் விழுந்திருக்கிறது. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "டாக்டரே, இனி நான் ஒரு முட்டையாவது தின்னலாமா? அதச் சீட்டுல எழுதித் தருவியளா?"

'கோழிக்குழம்பு, வாரம் இருமுறை, மாமியார் கண்ணெதிரே' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். மருந்தெழுதத் தெரியாத டாக்டர் என்று இனி எவரும் என்னைச் சொல்ல முடியாது.