அந்தோணி நின்ற பக்கம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போடியிலிருந்து ஏலக்காய் லாரியில் ஏறி மட்டாஞ்சேரியில் இறங்கியபோது பதினாறு வயது. பஜார் ரோட்டுக் குடோன்களில் சுக்கு மூட்டை சுமந்தேன். சுமந்துகொண்டே வண்டி ஓட்டக் கற்றேன். சொந்தமாக ஒரு லோடு வண்டி வாங்கினேன், அதை மூன்றாக்கினேன். வீடு கட்டினேன், அதன் மேல் மாடி எடுத்தேன். மகனை எஞ்சினியர் ஆக்கினேன், இன்று காக்கநாட்டில் கம்பெனியில் இருக்கிறான். மகளைத் தமிழ் டீச்சர் ஆக்கினேன். கொச்சி மழையில் இத்தனை வருஷம் சரக்கு ஏற்றியும் ஒரு மூட்டையை நனைய விட்டதில்லை. இதில் யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. கொடுத்தேன் என்று எவனாவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

இவ்வளவையும் முதலில் சொல்லக் காரணம் உண்டு. எல்லாம் இந்த இரண்டு கண்ணை நம்பிச் செய்தது. அதை நம்பித்தான் மோசம் போனேன். எழுபது தாண்டியும் வண்டி எடுக்கிறவர்களும், அப்படி ஒரு அப்பாவை வீட்டில் வைத்திருக்கிறவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். எழுத்துப் பிழையை மகள் திருத்துவாள். விஷயத்தில் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

லோடு வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம். இடது சீட்டில் இருக்கிற ஆள் கையை வெளியே விட்டுக் கதவைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். பஜார் ரோடு மாதிரி நெருக்கடியில் அது இல்லாமல் முடியாது. ஆள் கிடைக்காத நாட்களில் என் மனைவி பஞ்சவர்ணம் ஏறி உட்கார்ந்து அதைப் பழகிக்கொண்டாள். வண்டிகளை விற்றுவிட்டு ஒரு சின்னக் கார் வைத்துக்கொண்ட பிறகும் விடவில்லை.

மகன் சிரிப்பான். “அம்மா, இது காரு. சுக்கு மூட்டை ஏத்தல.”

“உங்கப்பா ஏறியிருக்காருல்ல, அந்த மூட்டை போதும்,” என்பாள்.

கடைசி இரண்டு வருஷமாகத் தட்டு கூடிப்போனது. வயசாகி இவளுக்குப் பயம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். இப்போதெல்லாம் இவர் நம் தட்டுக்குக் காத்திருக்கிறார், மரியாதை வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். என் இடது பக்கம் போய்க்கொண்டிருந்தது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

இதற்கு நடுவில் லைசென்ஸ் புதுப்பித்தேன். கண் டாக்டரின் சர்ட்டிபிகேட் கேட்டார்கள். சுவரில் மாட்டிய பலகையில் நம்பர் வரிசையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் படித்தேன். “இந்த வயசில் இவ்வளவு கூர்மையா” என்று அந்த டாக்டரே சொன்னார். அந்தச் சர்ட்டிபிகேட்டைப் படம் எடுத்து சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். அந்தப் பலகை நேரே இருப்பதை மட்டும்தான் கேட்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு நாள் காலை பஞ்சவர்ணத்துக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மருந்து வாங்க நான் மட்டும் கார் எடுத்தேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருமுனையில் அந்தோணி தள்ளுவண்டியில் கப்பை (மரவள்ளிக்கிழங்கு) விற்பான். ஐம்பது வயசுக்காரன், நல்ல மனுஷன். எப்போதும் வலது ஓரத்தில் நிற்பவன், அன்று மழைக்கு ஒதுங்கி இடது ஓரத்துக்கு வந்திருந்தான். நான் இடது பக்கம் திரும்பினேன்.

கதவில் ஒரு தட்டு கேட்டது. பழக்கத்தில் பிரேக்கை அழுத்தினேன். பிறகுதான் பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை என்பது உறைத்தது.

இறங்கிப் போனேன். ரோடெல்லாம் கப்பை. அந்தோணியின் பாதம் திரும்பக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. அவன் திட்டவில்லை. “அண்ணாச்சி, என்றெ முகத்து நோக்கியல்லே வந்நது?” என்றுதான் கேட்டான் (என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே வந்தீர்கள் என்கிறான்).

அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. நான் பார்த்தது ஈரமான சுவரையும் காலி ரோட்டையும்தான்.

கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்டபோது, என் மேல் கேசு வரக்கூடாதென்று, மழையில் வழுக்கி விழுந்தேன் என்று அந்தோணி சொல்லிவிட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேச வேண்டாம் என்று அவன் கண்ஜாடை காட்டினான், நான் வாயைத் திறக்கவில்லை. சிகிச்சைக்கு வேண்டியதைச் செய்தேன், அதில் குறை வைக்கவில்லை. ஆனாலும் இடித்ததைவிட அந்த வாயடைப்பு இன்றைக்கு அதிகம் உறுத்துகிறது.

மகள் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பார்வைப் புலச் சோதனை (நேரே பார்த்தபடியே சுற்றுப்புறம் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது) என்று ஒன்று. ஒரு கண்ணை மூடி, பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைக்க வேண்டும். நடுவில் உள்ள விளக்கைப் பார்த்தபடி, ஓரத்தில் சின்ன வெளிச்சப் புள்ளி தெரியும்போது பொத்தானை அமுக்க வேண்டும். நான் கொஞ்ச நேரத்தில் அதன் கணக்கைப் பிடித்துவிட்டதாக நினைத்தேன். விடாமல் அமுக்கினேன்.

டாக்டர் என் மகளைவிடச் சின்னவர், மலையாளி, கோயம்புத்தூரில் படித்ததால் தமிழ் பேசினார். “ஐயா, இந்த மிஷின் சில நேரம் வெளிச்சம் காட்டாம சும்மா இருக்கும். அப்பவும் அமுக்கியிருக்கீங்க.”

“அடுத்தது வரும்னு தெரியும்மா. தாளம் பிடிபட்டுருச்சு.”

“தாளம் கேக்க உங்களக் கூப்பிடல. தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க.”

மறுபடி உட்கார்ந்தேன். பொத்தானைப் பிடித்தபடி காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மிஷின் நின்றுவிட்டதா என்று கேட்டேன். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றார்கள்.

குளுக்கோமா (கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற நோய்). வலி கிடையாது, சிவப்பு கிடையாது. எனக்கு இடது கண் பெரும்பாலும் போய்விட்டது. வலது கண்ணிலும் மூக்கை ஒட்டிய பக்கத்தை நோய் அரிக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டும் சேர்ந்தால் இடது பக்கம் இல்லை.

“இருட்டா எதுவும் தெரியலையேம்மா?”

“தெரியாது ஐயா. பக்கத்துல இருக்கிற சுவரு, ரோடு எதையாவது வெச்சு மூளையே அந்த இடத்த நிரப்பிக்கும்.”

“அப்ப அங்க ஒரு ஆளு நின்னா?”

அவர் சோதனைக் காகிதத்தை என் பக்கம் திருப்பி, அதில் இடது ஓரத்துக் கறுப்பைக் காட்டினார்.

போனது திரும்புமா என்று கேட்டேன். திரும்பாது என்றார். இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, காலையும் இரவும், சாகும்வரை. இடது கண்ணில் ஒரு அறுவையும் செய்தார்கள் (நீர் வடிய ஒரு சின்ன வழி திறந்து அழுத்தத்தைக் குறைப்பது). அழுத்தம் குறைந்தது, பார்வை கூடவில்லை. மூன்று வண்டிகளை மேய்த்தவனுக்கு ஒரு சொட்டைத் தன் கண்ணில் விடத் தெரியவில்லை. கன்னத்தில்தான் விழுகிறது. பஞ்சவர்ணம் விடுகிறாள். “மேல பாருங்க. என்னய இல்ல, மேல.” எரிகிறது. சும்மா படுத்திருக்கிறேன்.

மகன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். “எழுபது வயசுக்கு மேல யாருக்கும் லைசென்சே குடுக்கக்கூடாதுப்பா” என்றான்.

“எனக்கு அறுபத்தெட்டுலயே போக ஆரம்பிச்சிருக்குடா. உன் சட்டம் வந்திருந்தா ரெண்டு வருஷம் சும்மாதானே விட்டிருக்கும்?”

“அப்ப என்னதான் செய்யணும்கிறீங்க?”

“அந்தக் கிண்ணத்துக்குள்ள முகத்த வைக்கச் சொல்லு. எல்லாரையும். உன்னையும் சேத்து.”

இதுதான் என் கட்சி. எடக்கொச்சியில் எனக்கு ஒரு கூட்டாளி, எண்பதை எட்டப் போகிறார், பக்கவாட்டில் ஈ பறந்தாலும் தெரியும். அவரைப் பிடித்து ஏன் வீட்டில் உட்கார வைக்க வேண்டும்? நேரே படிக்க வைத்து அனுப்புகிற சோதனையால் என் மாதிரி ஆள் பிடிபட மாட்டான். நாற்பது வயசிலிருந்து அழுத்தத்தையும் புலத்தையும் பார்த்துவிட்டு லைசென்ஸ் கொடுக்கட்டும். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டுமாம், ரத்தத்தில் வருமாம். மகன் இன்னும் போகவில்லை. வேலை இருக்கிறதாம்.

இப்போது நடக்கும்போது கழுத்தை இடது பக்கம் திருப்பித் திருப்பி நடக்கிறேன். ஆட்கள் நடந்து வருவதில்லை, திடீரென்று பக்கத்தில் முளைக்கிறார்கள். தட்டில் இடது ஓரத்துக் கறியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். நாள் என்பது ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் இருப்பது. வருஷம் என்பது ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவில் அந்தக் காகிதத்தில் கறுப்பு எவ்வளவு நகர்ந்தது என்பது. நான் ஓட்டாத ஒன்று எனக்குள் ஓடுகிறது. அதற்குப் பிரேக் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

லைசென்ஸுக்கு இன்னும் நாள் பாக்கி இருந்தது. யாரும் கேட்கவில்லை. நானே ஆட்டோவில் ஏறி, அதைத் திருப்பிக் கொடுக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர், “சேட்டா, ஓட்டாம இருந்தா போதும். தன்னால முடிஞ்சிடும்,” என்றார். கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று நின்றேன். கடைசியில் ஒரு விண்ணப்பத்தை எடுத்து அவரே நிரப்பினார். காரணம் என்ற இடத்தில் முதுமை என்று எழுதினார்.

“முதுமை இல்ல சார். இடது பக்கம் தெரியாம ஒரு ஆள இடிச்சேன். அதை எழுதுங்க.”

“கேசு உண்டா?”

“இல்ல.”

“அப்ப எப்படி எழுதறது? வேண்டாம் சேட்டா, வீட்டுக்குப் போங்க.” நல்லவிதமாகத்தான் சொன்னார்.

ஆக, ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அந்தோணி வழுக்கி விழுந்திருக்கிறான். ஆபீஸ் காகிதத்தில் நான் கிழவனாகியிருக்கிறேன். வீட்டில், அப்பாவை நாங்கள் நிறுத்திவிட்டோம் என்று மகன் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்தோணி இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். எந்தக் காகிதத்திலும் இடித்தவனாக நான் இல்லை.

நான் கட்டியது எதிலும் என் பெயரை விட்டுக்கொடுத்தவன் இல்லை. இதிலும் விட மாட்டேன். அந்தோணியை இடித்தது நான். வண்டி ஓட்டுவதை நிறுத்தியதும் நான்தான், மகன் இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்வதாக இருந்தால், முதலாவதைச் சொல்லுங்கள்.