பட்டைத் தண்ணீரில் ஊறிய கால்

ஜம்புலிங்கத்தின் காலைச் சுண்ணாம்பு சுடாது என்று ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்புகளில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சுதான் அந்த மனுஷனைக் கெடுத்தது.

பச்சைத் தோலில் மயிர் கழல்வதற்காக அதைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவார்கள். ஊறின தோலை வெளியே இழுத்துப் போட ஆள் இறங்கியாக வேண்டும். காலில் எண்ணெயை வழிய வழியப் பூசிக்கொண்டு இறங்கினாலும் விரலிடுக்கெல்லாம் வெந்துபோகும். யுத்த காலத்தில் தோலுக்குக் கிராக்கி ஏறியிருந்தபோது வேலைக்குச் சேர்ந்த ஜம்புலிங்கமும் எல்லாரையும் போல எரிச்சலில் புரண்டவர்தான். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு எரிச்சல் தானாக நின்றுவிட்டது. வலி நின்றால் ஏன் நின்றது என்று எவன் போய்க் கேட்பான்? சுண்ணாம்பே தனக்கு அடங்கிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். எண்ணெய் பூசுவதையும் விட்டார்.

"ஜம்புவ எறக்கு. அவனுக்கு இன்னா ஆவப்போவுது" என்று மேஸ்திரி முனீர் அகமது சொல்லும்போதெல்லாம் இவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். குழியில் இறங்குகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறவர்கள் என்று ஆம்பூரில் யாரும் கேட்கமாட்டார்கள்; தெரிந்த விஷயம். அப்படிப்பட்டவனுக்கு ஊரில் கிடைத்த ஒரே பெருமை இது. லேசில் விடுவாரா?

தண்ணீர் தாகம் எடுத்து, உடம்பு வற்றி, சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தபோது அவர் சம்சாரம் தாயாரம்மாள்தான் அவரை இழுத்துக்கொண்டு போனாள். வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி வண்டி ஒன்று வந்து புளியமரத்தடியில் நிற்கும். நர்ஸம்மா அவருடைய மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினாள். நீலம் நீலமாகவே நின்றால் நல்லது. இவருக்குச் செங்கல் நிறத்தில் வந்தது.

"உங்களுக்குச் சர்க்கரை வியாதி. கால்ல எரிச்சல் இருக்குதா?"

"அதெல்லாம் இல்ல நர்ஸம்மா. சுண்ணாம்புக் குழியே என்னை ஒண்ணும் பண்ணாது."

அவள் முகம் மாறியது. "உங்க காலுக்கு உணர்ச்சி செத்துப் போச்சு. ஆணி ஏறினாக்கூட உங்களுக்குத் தெரியாது. இனிமே குழி வேணாம். யாராச்சும் உங்க உள்ளங்காலைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

அதற்கு ஒரு ஏற்பாடும் இருந்தது. வண்டி வாரம் ஒரு தரம்தானே வருகிறது என்று நர்ஸம்மா அந்தப் பக்கத்துச் சர்க்கரைக்காரர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்ததும் அக்தரி பேகம் வீட்டு முற்றத்தில் கூடுவார்கள். அந்த அம்மாளுக்கும் இதே வியாதிதான். அங்கேயே நீல மருந்து காய்ச்சி நிறம் பார்ப்பார்கள். யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் எதைத் தின்றார்கள் என்று ஒருவரை ஒருவர் வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். பிறகு ஒருவர் காலை ஒருவர் பார்ப்பார்கள். பெண்கள் திரைக்கு அந்தப் பக்கம், ஆண்கள் இந்தப் பக்கம்.

ஆண்களின் காலைப் பார்க்கிறவர் கலீமுல்லா. மண்டியில் தோலைத் தரம் பிரிக்கிறவர். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் தோல் உள்ளே நன்றாயிருக்கிறதா, கெட்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அவரும் சர்க்கரைக்காரர்தான். வெள்ளைச் சட்டையும் குல்லாவுமாக உட்கார்ந்து, எதிராளியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார்.

அங்கேதான் வந்தது வினை. ஜம்புலிங்கத்தின் முறை வந்தபோது அவர் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

"நீட்டு ஜம்பு."

"வேணாம் பாய். நானே பார்த்துக்கறேன்."

"உள்ளங்காலை நீ எப்படிப்பா பார்ப்பே?"

"சம்சாரம் பார்த்துடுச்சு பாய். ஒண்ணும் இல்ல."

பொய். தாயாரம்மாளிடமும் அவர் காட்டவில்லை. பாய்தான் பார்த்துவிட்டாரே என்று அங்கே சொல்லியிருந்தார். இருபது வருஷமாக மயிரும் கொழுப்பும் மிதக்கிற குழியில் நின்ற காலை, தொழுதுவிட்டு வந்த மனுஷன் மடியில் எப்படித் தூக்கி வைப்பது? தன்னை வீட்டுக்குள் சேர்த்ததே பெரிசு, இதில் காலை வேறு நீட்டுவதா என்று அவருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. கேழ்வரகுக் களியும் மாத்திரையுமாக இருந்து நீல மருந்தில் மட்டும் நல்ல நிறம் காட்டினார். எல்லாரும் மெச்சினார்கள். வேட்டிக்குள் இருந்த காலை யாரும் பார்க்கவில்லை. குழிக்கு இறங்குவதையும் அவர் விடவில்லை.

ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் தரையில் ஈரச் சுவடு சிவப்பாக விழுவதை அவரே கண்டார். இடது உள்ளங்காலில் ஒரு புண். ஓர் அணா நாணயம் அகலம் இருக்கும். விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகிறது, வலி இல்லை. அப்போதுதான் முதல் தடவையாக அந்த மனுஷனுக்குப் பயம் வந்தது. நர்ஸம்மாவிடம் போகலாம். போனால் குழிக்கு இறங்கியது தெரிந்துவிடும். பாயிடம் பொய் சொன்னதும் தெரிந்துவிடும்.

பயந்தவன் புத்தி எங்கே போகும்? தெரிந்த தொழிலிடம்தான் போகும். சுண்ணாம்பு முடிந்த தோலை ஆவாரம்பட்டை ஊறின தண்ணீரில் போடுவார்கள். அழுகிப் போகிற தோல் அந்தத் தண்ணீரில் கிடந்தால் கெட்டிப்பட்டு, வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கும். செத்த மாட்டுத் தோலையே காப்பாற்றுகிற தண்ணீர் தன் தோலைக் காப்பாற்றாதா? யாரும் இல்லாத சமயம் பார்த்துப் பட்டைத் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தினமும் உட்கார்ந்தார்.

கேளுங்கள், புண் மூடிக்கொண்டது. மேல்தோல் பழுப்பேறி, இறுகி, செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. சுவடும் விழவில்லை. அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கால் வீங்கியிருந்ததை மட்டும் கண்டுகொள்ளவில்லை. காய்ச்சல் வந்ததையும் மழைமேல் போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவராகவே போய்க் கலீமுல்லாவின் எதிரே உட்கார்ந்தார்.

"பாய், இன்னிக்குப் பாருங்க. சுத்தமா இருக்குது."

தொடமாட்டார் என்று நினைத்துத்தான் காலைத் தரையிலேயே வைத்தார். கலீமுல்லா இரண்டு கையாலும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பழுப்பேறின இடத்தில் கட்டைவிரலை வைத்தார். அழுத்தினார். விரல் எடுத்த இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது. இன்னொரு தரம் அழுத்தியபோது விளிம்பு விரிந்து, கறுப்பாக ஒன்று கசிந்து அவர் வெள்ளை வேட்டியில் பரவியது. வாடை முற்றம் முழுக்க ஏறியது. அழுகின தோலின் அந்த வாடை அங்கே இருந்த ஒருவருக்கும் புதிசில்லை.

"என்னத்துல விட்டே?" என்றார் கலீமுல்லா. குரல் அடங்கிப் போயிருந்தது.

"பட்டைத் தண்ணியில."

"மேலே மட்டும் பதமாயிட்டுது ஜம்பு. உள்ளே கெட்டுப்போச்சு. யா அல்லா, ஒரு வாரம் முன்னாடி நீட்டியிருக்கக் கூடாதாப்பா."

அன்றைக்கே குதிரை வண்டி பிடித்து, பிறகு ரயிலேற்றி, வேலூருக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொன்னார். ஜம்புலிங்கம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எடுத்த பிறகு இன்னொரு சங்கடம் முளைத்தது. சொந்தக்காரர்கள் யாராவது காலை வாங்கிப் போய்ப் புதைக்க வேண்டும் என்றார்கள். கூட வந்திருந்த சொந்தக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவனுக்குக் குழி வெட்டினால் அவனையும் கூப்பிட்டுக்கொள்ளுமாம். தாயாரம்மாள் வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். கலீமுல்லாதான் எழுந்து போய், வெள்ளைத் துணியில் சுற்றியிருந்ததைக் கையில் வாங்கிக்கொண்டார். குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திப் பாலாற்றுப் பக்கம் நடந்துபோய்ப் புதைத்துவிட்டு, குளித்துவிட்டுத் திரும்பினார்.

இதைத் தாயாரம்மாள் சொல்லக் கேட்டபோதுதான் ஜம்புலிங்கம் அழுதார். கால் போனதற்குக்கூட அப்படி அழவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கட்டையை ஊன்றி ஒற்றைக் காலில் தாவித் தாவி நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். முற்றத்துக்கு வர முடியாதென்று வெள்ளிக்கிழமைக் கூட்டம் அவர் வீட்டுக்கு வந்தது. அக்தரி பேகம் உப்புப் போட்ட மோர் கொடுத்தனுப்பியிருந்தார். அந்தத் தெருவுக்கு அதுவரை வராத ஆட்கள் தரையில் பாய்மேல் உட்கார்ந்தார்கள்.

"கனமா இருந்துச்சா பாய்?" என்று ஜம்புலிங்கம் கேட்டார்.

கலீமுல்லா நகர்ந்து அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். "இந்தக் காலை நீட்டு" என்றார்.

அவர் நீட்டினார். கலீமுல்லா அதை மடியில் வைத்து, விரலிடுக்கு, பாதம், குதிகால் என்று தடவிக்கொண்டே வந்தவர் குதிகாலில் நின்றுவிட்டார். தாயாரம்மாளை விளக்கெடுத்து வரச் சொன்னார். அங்கே ஒரு கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது. அது எப்போது வந்தது என்று ஜம்புலிங்கத்துக்குத் தெரியாது.