கண்ணாடிக்குக் கற்பூரம்

வழுக்கியாற்றை ஆறு என்று சொன்னால் அதற்கே கூச்சமாக இருக்கும். மாரியில் மட்டும்தான் தண்ணீர் ஓடும். ஆனாலும் அதன் மேல் ஒரு கல்வளைவுப் பாலம் இருந்தது, பாலத்தில் ஒரு வெடிப்பு இருந்தது, வெடிப்பைப் பார்த்துக்கொள்ள ஓவசியர் என்று நான் இருந்தேன்.

வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சீமெந்தால் ஒட்டிவிடுவோம். கல் அசைந்தால் கண்ணாடி உடையும். தினமும் காலையில் பாலத்தின் கீழ் இறங்கி, முழங்காலில் நின்று பார்த்து, கொப்பியில் எழுதுவேன். நான் வேதக்காரன். ஞாயிறு ஆராதனையில்கூட நான் அவ்வளவு பக்தியாய் முழங்காலில் நின்றதில்லை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஒரு மாதத்துக்குள் இரண்டு கண்ணாடிகள் உடைந்தன. இன்னுமொன்று உடைந்தால் பாரவண்டில்களை மறித்துவிடு என்று எஞ்சினியர் துரை எழுதிவிட்டார். வட்டுக்கோட்டையிலிருந்து காங்கேசன்துறைக்குப் புகையிலை ஏற்றும் வண்டில்காரர் ஒருவருக்கு அது பேரிடி. சுற்றுப் பாதையில் போனால் அரை நாள் கூடும். அவருடைய கிழட்டு மாடுகள் தாங்கா.

மூன்றாவது கண்ணாடி ஒட்டிய நாலாம் நாள் வழக்கத்துக்குச் சற்று முன்னதாகப் போனேன். அந்த வண்டில்காரர் கண்ணாடிக்கு நேர் கீழே கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். என் கண்முன்னாலேயே கண்ணாடி 'டிக்' என்று வெடித்தது.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"நீங்கள் ஒவ்வொரு நாளும் விடிய வந்து முழங்காலிலை நிக்கிறியள், ஐயா. பேந்து ஏதோ எழுதுறியள். உதிலை ஏதோ இருக்கெண்டு நினைச்சு நானும் ஒவ்வொரு நாளும் ஒரு கட்டி கொளுத்தினனான். பாலத்தைப் பூட்டப் போறாங்கள் எண்டு கதைச்சினம். அதுதான் இண்டைக்கு ரெண்டு கட்டி."

"உங்கடை பக்தியாலைதான் அண்ணை பூட்டுப்படப் போகுது" என்று கத்தினேன். கத்தி முடிக்குமுன் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

துரைக்கு 'வெப்பத்தால் உடைந்தது' என்று எழுதினேன். என்ன வெப்பம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கற்பூரம் தூரத்து மருதமரத்தடிக்கு மாறியது. நாலாவது கண்ணாடி வாரக்கணக்காக அப்படியே இருந்தது. பாலத்துக்கு ஒரு குறையுமில்லை என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். பாலம் ஏறுமுன் குனிந்து கண்ணாடியைப் பார்ப்பது வண்டில்காரருக்கும் வழக்கமாகிவிட்டது.

மாரி பிறந்தது. ஒரு மத்தியானம் அவர் தெப்பமாக நனைந்து என் வாசலில் வந்து நின்றார். பாரம் ஏற்றிய வண்டில் அக்கரையில் நிற்கிறதாம்.

"கண்ணாடி வெடிச்சுப் போச்சு, ஐயா. நான் கொளுத்தேல்லை."

அவர் சொல்லாமல் விட்டிருந்தால், இந்த மனுசன் மறுபடியும் தொடங்கிவிட்டார் என்று ஏசிவிட்டு, 'வெப்பம்' என்றே எழுதியிருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

"இனிப் பூட்டத்தானே வேணும்?"

"ஓம், அண்ணை."

அவரோடு நானும் போனேன். அவர் பாலத்தில் கால் வைக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போய், மாடுகளைத் தட்டிக்கொடுத்து, வண்டிலைச் சுற்றுப் பாதைக்குத் திருப்பினார்.